காணாமல் போன புள்ளிகள்

"ஆனிக்கா, இங்க வந்து பாருங்க. ஷெரின் என்னமா பண்ணியிருக்கா!"

ராம்கி போட்ட சத்தத்தில் வில்லாபுரத்து அந்தச் சின்ன ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஆனிமேரி எழுந்து போனாள். முதலாளி கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

வாடிப்பட்டியில் புதிதாகத் திறக்கப்போகும் பல் மருத்துவமனைக்கான இணையப் பக்கம் திரையில் இருந்தது. தலைப்பு இரண்டு வரிகளாக, அளந்து வெட்டியதுபோல் சம நீளத்தில் நின்றது. ராம்கி பிரவுசர் ஜன்னலைச் சுருக்கினான், விரித்தான். எப்படி இழுத்தாலும் வரிகள் தாமாகவே சமமாகப் பிரிந்துகொண்டன.

"பத்தி முடியுற எடத்துல ஒத்த வார்த்தை மட்டும் தனியா தொங்குமே, அதுவும் இல்ல பாருங்க. பிரவுசர்ல புதுசா வந்த வசதியாம். ஒரே ஒரு வரிதான் எழுதுனாளாம்!"

"நல்லாருக்கு."

"அம்புட்டுதானா? உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு கூப்பிட்டேன்."

வேண்டுமென்றே குத்துகிறானோ என்று ஆனிமேரிக்குத் தோன்றியது. ஷெரின் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதேதான். அவள் எதைச் செய்தாலும் ராம்கி இவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினான். காட்டிவிட்டு முகத்தை வேறு பார்த்தான்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவள் ஆனிமேரி. தலைப்பு அழகாக நிற்க, எங்கே வரியை உடைப்பது என்று ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துப் பார்ப்பாள். அரை நாள் போகும். "ஆனி மேடம் பண்ணுனா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! இப்போது போனில் கூப்பிடுபவர்கள், "அந்தப் புதுப் பொண்ணு இருக்கா?" என்கிறார்கள். மேலூர் ஜவுளிக்கடையின் பெரிய வேலை அடுத்த மாதம் வருகிறது. ராம்கி அதை ஷெரினிடமே கொடுத்துவிடுவான் போலிருந்தது. நினைக்கும்போதே நெஞ்சுக்குள் எரிந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு, தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எழுத்துக்கு மேலும் கீழும் கிடக்கும் வெற்றிடத்தை வெட்டிவிடும் இன்னொரு புது வசதியையும் ஷெரின் தலைப்புக்குப் போட்டிருந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் போனில் இருக்கும் தமிழ் எழுத்து கொஞ்சம் உயரம். அதன் தலைமேல் இருந்த புள்ளிகள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. 'பல்' என்பது 'பல' என்று நின்றது.

நாலு மணிக்குப் பக்கத்தைப் பார்க்க அந்த மருத்துவமனை டாக்டர் வருகிறார். சொல்லிவிடலாம் என்று ஆனிமேரி எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷெரின் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "மேடம், பழைய பக்கத்துல நீங்க கையால உடைச்சு வச்ச வரியெல்லாம் எடுத்துட்டேன். போன்ல கண்டபடி மடங்குது. இனிமே யாரும் அப்படிப் பண்ண வேணாமே."

யாரோ சிரித்தார்கள். ஆனிமேரி மறுபடியும் உட்கார்ந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

டாக்டர் நல்லகாமன் சொன்ன நேரத்துக்கு வந்தார். பெரிய திரையில் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "என் போன்ல எப்படி வருதுன்னு பாப்போம்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஆனிமேரி சுவரைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது என்ன? வாடிப்பட்டி 'பல மருத்துவமனை'னு இருக்கு? ஒண்ணக் கட்டி முடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. எம்புட்டு மருத்துவமனை கட்டுனேன்னு போட்டுருக்கீங்க?"

கூட வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "தமிழ் படிச்சவங்க யாரும் இங்க இல்லையா தம்பி?" என்று ராம்கியைப் பார்த்துக் கேட்டார்.

ஷெரின் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "என் போன்ல சரியா இருந்துச்சு சார்..." என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ஆனிக்கா, நீங்க பாருங்க" என்றான் ராம்கி.

ஆனிமேரி உட்கார்ந்தாள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமே! டாக்டர் காபி குடித்து முடிப்பதற்குள் புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

"அனுபவம்னா அனுபவந்தான்" என்றார் டாக்டர்.

"மேலூர் வேலையையும் நீங்களே எடுத்துக்கங்கக்கா" என்றான் ராம்கி. ஏனோ இந்த முறை அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! ஆனிமேரி நிமிர்ந்த தலையோடு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கூட்டரில் ஏறி ஸ்டார்ட் செய்தாள்.

பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்ததில் வண்டி லேசாக ஆடியது. ஷெரின்தான். ஆபீஸில் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் இப்போது வெடித்தது. ஆனிமேரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ ஒங்கிட்ட காட்டியிருக்கணும்மா. நீ மட்டும் மொதல்லயே பாத்திருந்தா, பெத்த மக இப்படி நாலு பேரு முன்னாடி அவமானப்பட விட்டிருப்பியா?"