தேனீ நாற்பத்தொன்று

ஏலச்செடி தூரில்தான் பூக்கும். விடிகாலையில் விரிந்த பூ பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைக்க, ஒச்சம்மாளும் மற்ற பெண்களும் மண்டியிட்டே நகர்வார்கள். அவள் கழுத்து அட்டையில் பெயர் கிடையாது. ‘தேனீ 41’ என்றுதான் இருக்கும். வெளி மகரந்தம் ஒட்டிவிடுமாம், தலையில் பூ வைக்கவும் தடை.

அன்று தோட்டத்துப் பலாமரப் பொந்திலிருந்து நிஜத் தேனீக்கள் பறந்து வந்தன. மலையில் தேனீயே இல்லாமல் போன பதினோரு வருடத்தில் இதுதான் முதன்முறை. பெண்கள் வேலையை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

கங்காணி தவசி மருந்துக் கேனோடு ஓடிவந்தான். “காட்டு மகரந்தத்தக் கொண்டாந்து நம்ம ரகத்தையே கெடுத்துரும். ஒரு தேனீ விடாமக் கொல்லச் சொல்லி உத்தரவு.”

“அப்ப இந்த மலையில மத்த மரமெல்லாம் எப்படிய்யா காய்க்கும்? அதுக்கும் நாங்களே போயி முட்டி போடணுமா?”

“தள்ளு, ஒச்சம்மா.”

அவள் பொந்தை முதுகால் மறைத்து நின்றாள். அட்டையைப் பிய்த்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“ஒண்ணு விடாமத்தான? இந்தா, நாப்பத்தொண்ணு. என்கிட்டருந்து ஆரம்பி.”

நாற்பதும் நாற்பத்திரண்டும் வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள்.