நெறைஞ்சிருக்கு

"உப்பு தீந்துபோனா, அம்மா ஏம்ப்பா நெறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க?"

மகள் ஒருமுறை கேட்டாள்.

அவன் சிரித்தான். "வீட்டுல எதையும் இல்லேன்னு சொல்லக் கூடாதும்மா. லட்சுமி கோவிச்சுக்குவா."

"பொய் சொன்னா கோவிச்சுக்க மாட்டாளா?"

அவன் உப்பு வாங்கக் கிளம்பினான்.

இப்போது, பக்கத்து ஊர் மருந்துக்கடையில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது.

"போன்ல நெறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே!"

"ஆமா தம்பி. நெறைஞ்சிருக்கு."

கடைக்காரரின் நெற்றி முழுக்கத் திருநீறு. வெள்ளிக்கிழமை. சாமி படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் தயங்கித் தயங்கி அலமாரியின் ஒரு தட்டைக் காட்டினார்.

தட்டு காலி.

அவனுக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. வீட்டில் உப்பு நெறைஞ்சிருக்கிற மாதிரிதான் இதுவும்.

மகளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஓயாமல் பேசுகிறவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இந்த மருந்துதான். இன்னிக்கே ஆரம்பிச்சிடணும்" என்று அன்று காலையில் சொல்லியிருந்தார் மருத்துவர். "கெடைக்கலேன்னா என்னைக் கேளுங்க. நீங்களா வேற எதையாவது வாங்கிக் குடுத்துடாதீங்க."

அவன் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. இந்தக் கடைக்குப் போன் செய்தான். கடைக்காரர் மருந்தின் பெயரை உரக்கத் திருப்பிச் சொன்னார். பிறகு அந்த ஒரு சொல்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வழி முழுக்க முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தான்.

கடையில் நின்றபடியே மருத்துவரை அழைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கடை ஓரத்துப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். மடியில் மெல்லிய பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு பாட்டில்கள்.

நீல லேபிளில் அதே பெயர்.

அவளை நோக்கித் தன் கை நீண்டிருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

கேட்பதற்காக நீண்ட கை அல்ல அது. அவனுக்கே தெரிந்தது.

உடம்பு கூசியது. கையை இழுத்துக்கொள்ளக்கூட வரவில்லை.

அவள் பையைப் பிரித்து, ஒரு பாட்டிலை எடுத்து, நீண்டிருந்த அந்தக் கையிலேயே வைத்தாள்.

"எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்ங்க. இவரு கடையில இல்லாததுதான் நெறைஞ்சிருக்கும்."

"விளக்கு வச்ச நேரத்துல நான் வேற எப்படிம்மா சொல்றது?" என்றார் கடைக்காரர்.

"நல்லா சொன்னீங்க போங்க." அவள் சிரித்தபடி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க போன் பண்ணினப்ப, இருந்த ரெண்டு பாட்டிலையும் வாங்கிட்டு நான் இங்கதான் நின்னேன். அவரு அப்படிச் சொன்னதுமே நீங்க கிளம்பி வந்துடுவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம்னா அந்தப் பழைய போன்ல நம்பர் தெரியாது. அதான், காய்ச்சலா இருக்கிற பிள்ளையை வீட்டுல விட்டுட்டு இங்கயே உக்காந்துட்டேன்."

தனக்காக ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். அவனை அறியாதவள். வீட்டில் காய்ச்சலோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு.

"உங்க பிள்ளைக்கு?"

"அவனுக்கு ரெண்டும் வேணும்தான். ஆனா இன்னிக்கு ஒண்ணைத்தானே பிரிக்கப் போறேன்."

அவன் நன்றி சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். 

"நம்ம பல்கீசு" என்றார் கடைக்காரர். "ரைஸ்மில்லுக்கு அடுத்த வீடு." குரல் தாழ்ந்தது. "மன்னிச்சுக்க தம்பி. இனிமே போன்ல மட்டும் இல்லேன்னே சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சில நாளில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த ஒரு பாட்டிலே போதும் என்று மருத்துவர் சொன்னார்.

அவன் தேடுவதை நிறுத்தவில்லை.

வேலையாகப் போன ஊரிலெல்லாம், கண்ணில் பட்ட கடையிலெல்லாம் ஏறிக் கேட்டான். "இல்லை" என்றார்கள். "வர்றதில்லை" என்றார்கள். ஒவ்வொரு முறையும் பல்கீசின் பைக்குள் மிச்சமிருந்த அந்த இன்னொரு பாட்டில் கண்முன் வந்தது.

தஞ்சாவூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடை.

"இருக்கு" என்றாள் அங்கிருந்த பெண்.

அவன் நம்பவில்லை. "காட்டுங்க" என்றான்.

ரைஸ்மில்லுக்கு அடுத்த வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் யாருமில்லை. மறுநாள் பாலுக்காகக் கேட்டில் துணிப்பை ஒன்று மாட்டியிருந்தது.

அழைப்பு மணிக்குக் கையைக் கொண்டுபோனான்.

உள்ளே ஒரு பிள்ளை இருமியது.

"உம்மா, மருந்து தீந்துபோச்சா?"

பாட்டிலைக் கரண்டியில் தட்டும் சத்தம் கேட்டது.

"நெறைஞ்சிருக்குப்பா" என்றாள் அவள்.

அன்று கடையில் இருந்த சிரிப்பு அந்தக் குரலில் இல்லை.

அவன் மணியை அழுத்தவில்லை. பாட்டிலைப் பால் பைக்குள் நிமிர்த்தி வைத்தான். கேட்டின் கொக்கியை இரண்டு முறை தட்டினான்.

வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

பின்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.