அடுத்த பதினைந்து விநாடி

அறையில் இருந்தவர்கள்: குடோன் மேலாளர், அவர் மனைவி, அவளுடைய எலக்ட்ரீஷியன் தம்பி, அம்மிக்கல் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர். இதில் மேலாளர் மதித்தது ஆம்ப்ளிஃபயரை மட்டும்தான்.

"நான் சும்மா இருந்தா அந்தத் தீவுக்காரன் திரையில வந்து நிக்கிறான். கூப்பிட ஆரம்பிச்சா ஆளையே காணோம்! மாமியாரைக் கண்ட மருமகன் மாதிரி ஓடி ஒளியறான்" என்று மேசையைக் குத்தினார்.

ஆளே குடியில்லாத தீவு. அங்கே போய் ரேடியோ வைத்திருந்த குழு இன்று ஆறு மணிக்குக் கடையைக் கட்டுகிறது. இனி எந்தக் காலத்தில் வருவார்களோ! ரேடியோ கிளப்பில் எல்லோரும் கூப்பிட்டுப் பதில் வாங்கி, தீவைப் பிடித்துவிட்டார்கள், போன மாதம் லைசென்ஸ் வாங்கிய பல் டாக்டர் உட்பட. மேலாளர் மட்டும் பாக்கி.

இதில் வாய்ப்பேச்சு கிடையாது; வருவது திரையில் எழுத்தாக விழும். கணினி ஒரு கூவலைப் பதினைந்து விநாடி அனுப்பும். அடுத்த பதினைந்து விநாடி வாயை மூடிக் காது கொடுக்கும். காது கொடுப்பது மேலாளருக்குப் பழக்கமில்லாத வேலை.

"ஏங்க, அவன் எந்தப் பதினஞ்சுல..." என்றாள் மனைவி.

"நீ கொஞ்சம் சும்மா இரு. பவர் பத்தலை." ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசிவரை திருகினார்.

கீழ்வீட்டுத் தையல்காரரின் ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று உறுமியது. இவர் கூப்பிட்டால் அது உறுமும். தினசரி வழக்கம்.

"மாமா, இது பேச்சுக்குன்னு வாங்கினது. பேச்சுன்னா நடுநடுவுல மூச்சு விடும். இதுல விடாம ஊதணும். கொதிக்குது பாருங்க" என்றான் தம்பி.

"நீ டியூப்லைட் மாட்டுற வேலையைப் பாரு."

"இல்லீங்க, திரையில அந்தக் கட்டத்துல இருக்கிற டிக்கை எடுத்துட்டு..." என்றாள் மனைவி.

"லைசென்ஸ் எனக்கா, உனக்கா? பரீட்சைக்குத் துணைக்கு வந்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

அவள் கண் அந்தக் கட்டத்திலேயே நின்றது.

ஆம்ப்ளிஃபயருக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். கருகல் நாற்றம். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

"போச்சு! கடைக்காரன் ஷட்டரை இறக்குறதுக்குள்ள இதை அவன் தலையிலயே கட்டிட்டு வர்றேன். பிடிடா அந்தப் பக்கம்."

"ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே ஒரு தடவை..."

"யானை பிளிறியே திரும்பாதவன் கொசு பாடினா திரும்புவானா?"

இருவரும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் கதவு சாத்தி, பூட்டும் ஓசை கேட்டது. வாசல்வரை வந்து நிற்கக்கூட அவளுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

படிக்குப் படி இளைப்பாறி, தையல்காரர் வாசலில் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே 'கொர்ர்' என்றது, சன்னமாக.

தையல்காரர் தலையை நீட்டினார். "தூக்கிட்டுப் போறப்பக்கூட விடமாட்டீங்களா, சார்?"

மேலாளர் பெட்டியைப் பார்த்தார். அதன் வயர் அநாதையாய்த் தரையில் கிடந்தது. மறுபடியும் 'கொர்ர்'.

பெட்டியை மச்சானிடம் விட்டுவிட்டு, மூச்சிரைக்க மேலேறிக் கதவைத் தட்டினார். "மெஷினைத் தொட்டது யாரு?"

"நான்தான்" என்றது மனைவியின் குரல், உள்ளிருந்தபடியே. "அவன் பேசுற பதினஞ்சு விநாடியிலயே நீங்களும் கூப்பிட்டுட்டு இருந்தீங்க. பேசிட்டு இருக்கிறவனுக்கு எப்படிக் காது கேக்கும்? அந்த டிக்கை எடுத்து அடுத்த பதினஞ்சுக்கு மாத்தினேன். பதில் வந்துடுச்சு."

மேலாளருக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப தீவுல என் பேர் ஏறிடுச்சா!"

"உங்க பேர் இல்ல, என் பேர். துணைக்கு வந்த அன்னிக்குப் பின் பெஞ்சுல உட்கார்ந்து நானும்தான் பரீட்சை எழுதினேன். பாஸாகி லைசென்ஸ் வந்ததைச் சொல்ல வந்தப்பல்லாம் நீங்க பேசிட்டு இருந்தீங்க."

உள்ளே கடிகாரம் ஆறு அடித்தது.

"அது எப்படி, என்னைக் கேக்காம நீ..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே, கதவின் மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.