டி.வி. பந்தாட்டம்

1978. எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மேனேஜர் சந்திரமௌலி புதிய டி.வி. விளையாட்டுப் பெட்டியை அறிமுகப்படுத்தினார்.

"தொழிலாளர் நலனுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறோம்!"

திரையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

"இது இன்னா ஆட்டம் சார்?" என்றார் தொழிலாளி இக்னேஷியஸ்.

"டென்னிஸ்."

கூடமே சிரித்தது. மேனேஜரின் முகம் சுருங்கியது.

வெல்டர் ஸ்டானிஸ்லாஸ் மட்டும் எழுந்தார். "சோக்கா கீது சார்! பந்து தொலையாது, மழை வந்தா ஆட்டம் நிக்காது, காலும் சுளுக்காது."

"ஜால்ரா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அன்று மதியம் அவருடன் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. சொந்த மச்சான் இக்னேஷியஸ்கூட டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

மேனேஜரோ குளிர்ந்துபோய், பெட்டிக்கு ஸ்டானிஸ்லாஸையே பொறுப்பாளர் ஆக்கினார்.

"ஒண்ணுதான் சார் பயமா கீது. ஃபாரின் சாமான். இந்தப் புழுக்கத்துல உள்ளயே வெந்து பூடும்."

மேனேஜர் பதறிப்போனார். சாயங்காலத்துக்குள் கூடத்தின் கூரையில் நான்கு மின்விசிறிகள் சுழன்றன.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஸ்டானிஸ்லாஸ் பெட்டியை அணைத்துத் துண்டால் மூடினார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இக்னேஷியஸை இழுத்துவந்து விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்.

"நமக்கு வேர்க்குதுன்னு மூணு வருசமா யூனியன்ல மனு குடுத்தோமே மச்சான், ஒரு ஃபேன் வந்துச்சா? பொட்டிக்கு வேர்க்குதுன்னு ஒரே ஒரு தபா சொன்னேன். நாலு வந்துகீது பாரு!"