அட்ரஸ் வேலை

கங்காதர நெல்லூர் தபால்காரர் கன்னையாவுக்குச் சகலை தமிழரசுவின் பேரைக் கேட்டாலே சோறு இறங்காது. மனைவி பத்மினி சோறு போடும்போதுதான் அந்தப் பேரை எடுப்பாள்.

"இன்டர்நெட்டுல அட்ரஸெல்லாம் தீந்துபோய்க்கினு கீதாம். இனிமே வாங்கற போனு, ஃபிரிஜ்ஜி, எல்லாத்துக்கும் தனித்தனியா அட்ரஸ் கெடைக்கற மாரி, தங்கச்சி வூட்டுக்காரரு அமெரிக்காவுல அத மாத்திக் கட்றாராம்."

"நான் மட்டும் என்னா பண்றேன்? இருவது வருசமா அட்ரஸ் வேலதான்."

"அவரு பிளேன்ல போறாரு. நீ சைக்கிள்ல போற."

கன்னையா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பதிக்கு வந்த கையோடு தமிழரசுவே காரில் வந்து இறங்கினான். பத்மினிக்குத் தலைகால் புரியவில்லை. கன்னையா பேப்பரை விட்டு நிமிரவில்லை. வாசலில் நின்ற காரை மட்டும் இரண்டு முறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

காபி குடித்ததும் தமிழரசு பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, பாஸ்போர்ட்டு புதுப்பிக்கணும். நிரந்தர விலாசம் கேக்கறாங்க. அங்க பதினாலு வருசத்துல பதினோரு வாடகை வூடு மாறிட்டேன். இங்க நைனா வூடும் ரோட்ட அகலம் பண்ணப்போ போயிடுச்சி. எனுக்குன்னு ஒரு அட்ரஸ் இல்ல. உங்குளுது போட்டுக்கட்டுமா?"

கன்னையா பேப்பரை நிதானமாக மடித்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்க. ஆனா மேல 'கேர் ஆஃப் கன்னையா'ன்னு கொட்டை எழுத்துல எழுது. இல்லாட்டி உனுக்குத் தபால் வராது."