ஒற்றைப் பூட்ஸ் சைலஸ்

லண்டனில், கிம்பரின் கேலிப்படக் கடையில் ஹெஸ்டருக்குச் சிவப்பு வேலை. பிரெஞ்சுப் படைக்குப் பயந்து பின்னங்கால் பிடரியில் பட ஓடிவரும் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கோட்டுக்கு அவள் வர்ணம் தீட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் ஒற்றைப் பூட்ஸோடு ஓடுகிறவனுக்கு அவள் புருஷன் சைலஸின் முகத்தையே அச்சுக்கான செப்புத்தகட்டில் செதுக்கியிருந்தார் கிம்பர். சைலஸ் நிஜமாகவே அந்த ஆங்கிலேயப் படையில்தான் இருந்தான்.

"கோவிச்சுக்காதே ஹெஸ்டர். ஓடுறதுக்குன்னே படைச்ச மூஞ்சி, வேற எவனுக்கு இருக்கு?"

அச்சடித்த முதல் தாளில் சைலஸின் முதுகுக்கும், துரத்துகிறவனின் துப்பாக்கிக் கத்திக்கும் நடுவே மூன்று விரற்கடை இருந்தது. நூறாவது தாளில் இரண்டு. இருநூறாவதில் ஒன்று. எல்லாம் ஒரே செப்புத்தகட்டில் அடித்தவை; அதை யாரும் தொடவில்லை.

"முதலாளி, இதோட நிறுத்திடுங்க. கத்தி கிட்ட வருது."

கிம்பர் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தார். உண்மைதான்.

"வரட்டுமே! கிட்ட வர வரத்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. ஜன்னலுக்கு வெளியே பாரு கூட்டத்தை. இன்னும் அம்பது அடிக்கணும்."

அடுத்த தாளை அவரே அச்சிலிருந்து உருவி, ஈரத்தோடு அவள் மேசையில் வைத்தார். படம் முழுக்க வெறும் கறுப்புக் கோடுகள். சைலஸின் முதுகில் மட்டும் சிவப்பு. அது மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டரின் கையில் தூரிகை காய்ந்தே இருந்தது.

"அட, அதுக்குள்ள தீட்டிட்டியா?" என்றார் கிம்பர். "பிரமாதம். மீதி நாப்பத்தொம்பதுலயும் இப்படியே போட்டுடு."