பாதியில் நின்ற மெசேஜ்

நெற்றியில் பிளாஸ்திரியோடு வேன் டிரைவர் மேனேஜர் அறையில் நின்றார். வேன் முன்பக்கம் நசுங்கி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

“நேத்து பத்து மணிக்கு லைட் கம்பத்துல மோதியிருக்க. அப்போ கையில என்ன இருந்துச்சு?”

“போன் சார்.”

“யார்கூடப் பேசிட்டிருந்த?”

“பேசல சார். டைப் பண்ணிட்டிருந்தேன்.”

“வீட்டுக்காரம்மாவுக்கா?”

“அவ போன் பண்ணாலே ஓட்டும்போது நான் எடுக்க மாட்டேன் சார்.”

மேனேஜர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். “கட்டினவளுக்கே எடுக்காதவன், உயிரைப் பணயம் வச்சு வேற யாருக்குய்யா டைப் பண்ணின? தைரியமா சொல்லு. விஷயம் இந்த ரூமைத் தாண்டாது.”

டிரைவர் போனை மேஜைமேல் வைத்தார். திரையில் விரிசல் விழுந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

“பத்து மணி ரிப்போர்ட். வண்டி நம்பர் ஏழு. போனைத் தொடாமல், கவனமாக ஓட்டிக்கொண்டி...”

“போன வாரம் நீங்க போட்ட ரூல்தான் சார். மணிக்கு ஒரு தடவை உங்களுக்கு இதை அனுப்பணும், தவறினா மெமோன்னு சொன்னீங்க. ஓரமா நிறுத்தி அனுப்பலாம்னா, டெலிவரி லேட்டுன்னு அதுக்கும் மெமோ வருது.”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று ஆனது. அவருடைய போன் வரிசையாக ஆறு முறை டிங் என்றது.

மற்ற ஆறு வேன்களும் அப்போது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.